ஒரு பவுன் முனை

தங்கம் நிறுக்கிற தராசில் அம்பை நிறுத்துப் பார்த்த பெண் பதுளையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வேறு யாராவது இருந்தால் கடைக்கு வரட்டும். ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, எந்த முனை, என்ன எடை என்று ஆசை தீர விசாரிப்பேன். இப்போதைக்கு அந்தப் பேச்சைப் பேச எனக்கு இருக்கிற ஒரே ஆள் ருமேனியாவில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறார். அவர் என் வீட்டுக்காரர்.

பஜாரில் எங்களுடையது ஒரு சின்ன நகைக்கடை. அப்பா நடத்தியது, அவருக்குப் பிறகு நான் நடத்துகிறேன். கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கும் அந்த மின்தராசு, பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டாலே எண்ணை மாற்றிக் காட்டும். மூக்குத்தியும் தோடும் ஏறி இறங்கிய அதன் தட்டில் வைக்கச் சொல்லி, கல்யாணமான புதிதில் அவர் ஒரு கறுப்புத் தண்டைக் கொண்டுவந்து நீட்டினார். கார்பன் தண்டு. ஒரு நுனியில் பிளாஸ்டிக் இறகு, மறுநுனியில் திருகிக் கழற்றக்கூடிய இரும்பு முனை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காலையில் சாம்பிராணி காட்டித் தொட்டுக் கும்பிட்டு வேலை தொடங்குகிற தராசு அது. வேட்டைச் சாமானை அதன்மேல் வைக்க மாட்டேன் என்று ஏசினேன். அவர் அசையவில்லை. வேட்டைக்கு இல்லை, சாக்கில் வரைந்த வட்டத்துக்குத்தான் என்றார். அது உண்மைதான். குருவி மேல்கூடக் குறி வைக்கிற ஆள் இல்லை அவர்.

ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பதுளையில் மோட்டார் வைண்டிங் கடையில் வேலை செய்தார். தலைமுடி மாதிரி செம்புக் கம்பியைச் சுற்றுகிற வேலை என்பதால் அளவு என்றால் அவருக்கு உயிர். குறுக்குவில் அவருக்கு ஒரு நண்பர் மூலம் வந்தது. நாட்டை விட்டு நிரந்தரமாகப் போனவர், கொண்டுபோக முடியாமல் இவரிடம் விட்டுவிட்டுப் போனார். துப்பாக்கியைப் போலத் தோளில் அணைத்துக்கொள்ள ஒரு கட்டை, அதன் தலையில் படுக்கவைத்துப் பூட்டிய வில், மேலே பார்ப்பதற்கு ஒரு ஸ்கோப். முன்னால் இருக்கிற இரும்பு வளையத்தில் காலை வைத்து மிதித்துக்கொண்டு, இரண்டு கையாலும் நாணை இழுத்து மாட்ட வேண்டும். எங்கள் வீட்டில் நாய் இல்லை, பிள்ளை இல்லை, இந்த வில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதைக் குளிப்பாட்டாத குறையாகத் துடைப்பார்.

ஹாலிஎலயில் அப்பா வாங்கிப் போட்ட மரக்கறி போடுகிற ஒரு துண்டு நிலம் உண்டு. படிப்படியாக இறங்குகிற பாத்திகள், கடைசியில் ஆள் உயரத்துக்கும் மேலே வெட்டுமண் சுவர். அந்தச் சுவருக்கு முன்னால் பழைய துணி அடைத்த உரச் சாக்கை நிறுத்தி, தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து அதைச் சுற்றிக் கரியால் வட்டம் போடுவார். முப்பது கெஜம் தள்ளி நின்று அடிப்பார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து குறை சொல்லுவேன். அதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை.

இந்த விளையாட்டில் முனையின் எடையைக் கிரெய்னில் சொல்வார்கள். நூறு, நூற்றிருபத்தைந்து, நூற்றைம்பது என்று பெட்டியில் எழுதியிருக்கும். எனக்கு அது மண்டையில் ஏறவில்லை. ஒருநாள் நூற்றிருபத்தைந்து கிரெய்ன் முனையை மட்டும் கழற்றித் தராசில் வைத்தேன். எட்டு கிராமும் ஒரு துளியும் காட்டியது. இது ஒரு பவுன் இல்லையா என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதிலிருந்து எங்கள் வீட்டில் கிரெய்ன் ஒழிந்தது. நூறு என்றால் முக்கால் பவுனுக்குக் கொஞ்சம் கூட, நூற்றைம்பது என்றால் ஒன்றேகால் பவுனுக்குக் கொஞ்சம் குறைய. நடுவில் இருப்பது ஒரு பவுன் முனை.

மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். லேசான முனை விர்ரென்று போகும், ஆனால் ஆனி ஆடிக் காற்றில் அதற்கு ஒரு புத்தி இருக்காது. ஒன்றேகால் பவுன் நேராகப் போகும், ஆனால் சீக்கிரம் தலை கவிழ்ந்துவிடும், குறியை மேலே தூக்கி வைக்க வேண்டும். எங்கள் வில்லுக்குப் பிடித்தது ஒரு பவுன்தான். அதிலும் அவர் சும்மா எடுத்து மாட்ட மாட்டார். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் முனைக்கு முனை ஒரு பொட்டு வித்தியாசம் இருக்கும். தண்டோடு சேர்த்து ஒவ்வொன்றாக நிறுக்கச் சொல்லி, ஒரே எடை வருகிற மூன்றைப் பொறுக்கி, என்னுடைய நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்து வைப்பார். மற்றதைத் தொடமாட்டார். சோடி சேராத முனைகள் ஒரு மாத்திரைக் குப்பியில் கிடக்கும்.

பிறகு நாடே பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலம் வந்தது. மோட்டார் கட்டக் கம்பி இல்லை, கரண்டே இல்லை, வைண்டிங் கடை மூடியது. நகை வாங்க வந்தவர்கள் எல்லாம் விற்க வந்தார்கள். அவர் என் கடையில் வந்து உட்கார்ந்தார். என் சொந்தக்காரர்களுக்கு இது போதாதா? தோட்டத்துப் பையன் கடைசியில் பெண்சாதி கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டான் என்று பேச்சு வந்தது. அவர் காதில் விழுகிற மாதிரியே பேசினார்கள். நான் சண்டைக்குப் போனேன். அவர் வெளிநாட்டு வேலை ஏஜென்சிக்குப் போனார்.

பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பும்போது அழக்கூடாது என்று வைராக்கியமாக நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் திரும்பி வருவதற்குள் மூன்று அம்பையும் ஒரே சிரட்டைக்குள் அடித்துக் காட்டு பார்ப்போம் என்றார். கேலிக்குத்தான் சொன்னார். நான் அதுவரைக்கும் வில்லைத் தொட்டதே இல்லை.

நாணுக்கு மெழுகு பூசாமல் விட்டால் நூல் பிரிந்துவிடும் என்று அங்கிருந்து போன் பண்ணிச் சொன்னார். பூசுவதற்காகக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்தேன். போர்வையில் சுற்றியிருந்தது. போர்வையில் அவர் வாசம் இருந்தது. ரொம்ப நேரம் அதைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஞாயிறு வில்லைத் தூக்கிக்கொண்டு ஹாலிஎல பஸ் ஏறினேன்.

பக்கத்துப் பாத்தியில் ஒரு அக்கா லீக்ஸ் போடுகிறார். மேல் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் குடியிருக்கிறவர். வாரநாளில் கொழுந்து எடுத்துவிட்டு ஞாயிறு தன் பாத்திக்கு வருவார். நான் அடிக்கப் போகிறேன் என்றால் எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்வார், வெற்றிலை மடிப்பார், ஒவ்வொரு அம்புக்கும் ஒரு விமர்சனம் சொல்வார். சாக்கைத் தப்பி மண்சுவர் ஓரமாகச் சறுக்கிய அம்பு அவர் பாத்திக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். "என்ன தங்கச்சி, இன்னைக்கும் என் லீக்ஸு மேலதான் கோவமா?" என்பார்.

சும்மா அடித்துக்கொண்டிருந்தால் எனக்கு அலுத்திருக்கும். ஆனால் நான் மனதுக்குள் ஒரு நேர்த்திக்கடன் வைத்திருந்தேன். என்றைக்கு மூன்று அம்பும் சிரட்டை வட்டத்துக்குள் விழுகிறதோ, அன்றைக்கு அவரை வரச் சொல்லிக் கேட்பேன். அதுவரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன். ஏன் இப்படி என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. என் சனத்தின் பேச்சுப் பொறுக்காமல்தான் அவர் போனார். எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை, வாங்க என்று கூப்பிட்டால், அந்தப் பேச்சுக்கு நடுவே அவரைத் திரும்பவும் கொண்டுவந்து உட்கார வைப்பதாகிவிடும். அதனால் கூப்பிடுகிற உரிமையை ஏதாவது செய்து சம்பாதிக்க வேண்டும் என்று தோன்றியது. வீம்பு பிடித்தவள் என்று அம்மா சொல்வது சும்மா இல்லை.

பொட்டு வைத்த மூன்று முனையில் இரண்டைச் சில மாதங்களிலேயே தொலைத்துவிட்டேன். ஒன்று மண்சுவரில் புதைந்து வரவே இல்லை. ஒன்று கல்லில் பட்டு மூக்கு மழுங்கிவிட்டது. மாத்திரைக் குப்பியைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத முனைகள். அவராக இருந்தால் புதிதாக வருகிற வரைக்கும் காத்திருந்திருப்பார். நான் நகைக்கடைக்காரி. எடை கூடினால் அராவுவதுதான் எனக்குத் தெரியும். பட்டறை மேசையில் உட்கார்ந்து, மூன்றில் லேசானது எதுவோ அதற்குச் சமமாக மற்ற இரண்டையும் அராவினேன். ஒன்றில் கை கொஞ்சம் கூடிவிடும். உடனே அதுதான் லேசானது, மற்ற இரண்டையும் திரும்ப அராவ வேண்டும். பழக்கதோஷத்தில் இரும்புத் தூளைக்கூடச் சிந்தாமல் தட்டில் சேர்த்து வைத்திருக்கிறேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அம்பை விரல்மேல் குறுக்காக வைத்துப் பார்த்தேன். முன்பக்கமாகச் சாய்ந்தது. தராசுத் தண்டு ஒரு பக்கம் சாய்ந்தால் எனக்குத் தூக்கம் வராது. சின்ன வயதில் அப்பா கையில் தொங்கிய பழைய தராசைப் பார்த்துப் பார்த்து, நடுவில் நின்றால்தான் நேர்மை என்று ஊறிப்போன புத்தி. அதனால் முனையை இன்னும் இன்னும் அராவினேன். அம்பு கிட்டத்தட்ட நடுவில் நிற்கத் தொடங்கியது. மூன்றும் ஒரே எடை, மூன்றும் விரல்மேல் ஆடாமல் நின்றன. இவ்வளவு அழகாக அவரால்கூடச் செய்ய முடியாது என்று நினைத்தேன். ஞாயிறு போய் அடித்தால் ஒன்று சாக்கின் மூலையில், ஒன்று மண்ணில், ஒன்று லீக்ஸில்.

அவரோடு பேசுவதும் ஞாயிற்றுக்கிழமைதான். நமக்கு மத்தியானம் என்றால் அவருக்குக் காலை, வேலை இல்லாத காலை. வாட்ஸப்பில் முகம் வரும். அங்கே குளிருக்கு அவர் மூக்கு சிவந்திருக்கும். எனக்கு டெங்கு வந்து ஒரு வாரம் படுத்திருந்தேன், அதை வெறும் சளித் தடிமல் என்று சொன்னேன். மழைக்குக் கடைக் கூரை ஒழுகி மேசையெல்லாம் நனைந்ததைச் சொல்லவே இல்லை. சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போக மனமில்லாமல் பஜாரை ஒரு சுற்றுச் சுற்றி வருவதையும் சொல்லவில்லை. இங்கே ஒரு குறையும் இல்லை என்பேன். அவரும் அங்கே ஒரு குறையும் இல்லை என்பார். பிறகு அம்புப் பேச்சு. அதில்தான் இரண்டு பேருக்கும் உயிர் வரும். நான் அராவிய கதையை மட்டும் மறைத்து வைத்திருந்தேன். வட்டத்துக்குள் அடித்துக்காட்டி அசத்த வேண்டுமே.

அவருடைய ஒப்பந்தம் முடிகிற காலம் வந்தது. இன்னொரு தவணை இருக்கிறாயா, வீட்டுக்குப் போகிறாயா என்று கம்பெனியில் கேட்கிறார்கள், மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும் என்றார். நீ என்ன சொல்கிறாய் என்று என்னைக் கேட்டார். என் நெஞ்சு அடித்த அடி போனில் கேட்டிருக்கும். ஆனால் அன்றைக்குக் காலையில்தான் மூன்று அம்பும் மூன்று திக்குக்குப் போயிருந்தன. பேச்சை மாற்றி, அம்பு வாலை ஆட்டுகிறது, ஏன் என்று தெரியவில்லை என்றேன். இதற்குமேல் மறைக்க முடியாது என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்பை விரல்மேல் வைத்து கேமராவுக்குக் காட்டச் சொன்னார். காட்டினேன். பெருமையாகத்தான் காட்டினேன். நடுவில் அசையாமல் நின்றது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கனம் முன்னுக்கு இருக்கணும் புள்ள. முன்னுக்குக் கனம் இல்லாட்டி அம்புக்கு எங்க போறதுன்னே தெரியாது, வால் அதை இழுத்துக்கிட்டுப் போயிரும்."

அம்பு இவ்வளவு லேசாக இருந்தால் அடி எல்லாம் நாணுக்கும் வில்லுக்கும் திரும்பும், நல்ல காலம் வில் உடையவில்லை என்று கொஞ்சம் ஏசவும் செய்தார். ஏச்சு வாங்குவது எனக்கு நன்றாக இருந்தது. பக்கத்தில் இருந்து ஏசுகிற மாதிரியே இருந்தது. கனமான முனை கிடைக்கிற வரைக்கும் முனைக்கும் தண்டுக்கும் நடுவில் பித்தளை வாசர் வளையம் போட்டு எடையைத் திரும்ப ஏற்றச் சொன்னார். மூன்றிலும் ஒரே எடை, ஒரு பவுனுக்குக் குறையக் கூடாது. பிறகு, போனை வைப்பதற்கு முன்னால், ஒப்பந்த விஷயத்தைத் திரும்பவும் கேட்டார்.

நேர்த்தி முடியவில்லையே. "உங்க இஷ்டங்க. இங்க ஒண்ணும் குறை இல்ல," என்றேன்.

மாதக் கடைசிக்கு இன்னும் ஒரு ஞாயிறு இருந்தது. அந்த ஒரு வாரம் நான் கடை நடத்தினேனா என்றே ஞாபகம் இல்லை. ஹார்ட்வெயார் கடையில் சின்னச் சின்னப் பித்தளை வாசர்களை அள்ளிக்கொண்டு வந்தேன். கடைக்காரப் பையன் இவ்வளவு எதற்கு என்று கேட்டான், மாலை கட்டப்போகிறேன் என்றேன். ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, துளையைத் திருகாணிக்குச் சரியாக்கி, விளிம்பைத் தண்டோடு ஒட்ட உருட்டி எடுத்தேன். இந்தத் தடவை லேசானதைப் பார்த்து மற்றதைக் குறைக்கவில்லை. மூன்றையும் ஒரு பவுனுக்கு ஏற்றினேன். விரல்மேல் வைத்தால் அம்பு மூக்கைத் தரைக்குக் குத்தியது. பார்க்கக் கண்றாவியாக இருந்தது. என் கைக்கு அதை ஒப்புக்கொள்ளவே முடியவில்லை, ஆனாலும் விட்டுவிட்டேன்.

ஞாயிறு ஹாலிஎலயில் காற்று இருந்தது. அக்கா என் பின்னால் வந்து உட்கார்ந்தார், வெற்றிலையை மட்டும் மடிக்கவில்லை. முதல் அம்பு வட்டத்தின் விளிம்புக்கு உள்ளே. வளையத்தை மிதித்து நாணை இழுத்து மாட்டினேன். இரண்டாவது அதற்குப் பக்கத்தில். மூன்றாவதை மாட்டிவிட்டு ஸ்கோப்பில் பார்த்தால் கண்ணில் நீர் கட்டிக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை. துடைத்துவிட்டு, காற்று ஒரு மூச்சு அடங்கட்டும் என்று காத்திருந்து விட்டேன். அது மற்ற இரண்டுக்கும் நடுவில் போய் நின்றது. அக்கா எழுந்து போய், மடியிலிருந்த சிரட்டையை எடுத்து வட்டத்தின்மேல் பிடித்துப் பார்த்தார். மூன்றும் உள்ளே என்றார்.

மேல் பாத்தியில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே ஓடி ஏறினேன். வழக்கமாக அவர் எடுக்கிற நேரம் ஆகவில்லை. நானே எடுத்தேன். தூங்கி எழுந்த முகம் வந்தது. போனைத் திருப்பிச் சாக்கைக் காட்டினேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை, பிறகு விளங்கியது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து பிள்ளை மாதிரிச் சிரித்தார். எவ்வளவு வாசர், எந்த எடை, காற்று எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே போனார். எனக்கோ கனமானதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

"கையெழுத்துப் போடாதீங்க. எனக்கு நீங்க இல்லாம இங்க இருக்க முடியல. வந்துருங்க."

படம் அப்படியே நின்றது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து ஓரடி மேலே ஏறினேன். படம் நிற்கவில்லை. அவர்தான் அசையாமல் இருந்தார்.

"வெள்ளிக்கிழமையே போட்டுக் குடுத்துட்டேன். உங்க இஷ்டம்னு சொன்னியே."

கீழே அக்கா சாக்கிலிருந்து அம்பைப் பிடுங்க முயன்றுகொண்டிருந்தார். ஆழமாக இறங்கியிருந்தது, அவருக்கு வரவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பரவாயில்லை என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லவில்லை. பரவாயில்லை இல்லையே.

அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இப்ப சொன்னியே, அதை இன்னொரு தடவ சொல்லு."

"காதுல விழலையா?"

"விழுந்துச்சு. இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன்.